வயிறு என்கிற ஒரே சொல்

டோக்கன் பதினேழு, உள்ளே போயிருப்பது ஒன்பது, ஒன்பதாம் நம்பர் ஆள் போய் இருபது நிமிஷம் ஆகிறது, தன் குடலைப் பற்றி இருபது நிமிஷம் பேச ஒரு மனிதனுக்கு அப்படி என்னதான் இருக்கும். எதிர்ச் சுவரில் குடலின் படம். சிவப்பும் ஊதாவுமாகச் சுருண்டு, மெழுகு பூசின மாதிரி பளபளவென்று, சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள், என்னவோ குலதெய்வம் போல. அதற்குக் கீழே வரிசையாக உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் ஒரே முகம், காலையில் சரியாகப் போகாத முகம். ரிசப்ஷன் பெண் கொடுத்த படிவம் என் மடியில். பெயர், பிரமிளா. வயது, முப்பத்தாறு. வேலை, பால் பண்ணை ஆய்வுக்கூடம். மணமானவரா, ஆம், எட்டு வருஷம், வருஷத்தை யாரும் கேட்கவில்லை, பழக்கத்தில் எழுதிவிட்டேன், அடித்தேன். குழந்தைகள். அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட வேண்டும். திருச்சியில் நான் கோடு போடாத மருத்துவமனை கிடையாது, கோடு போடுவதில் கை தேர்ந்துவிட்டது, ஸ்கேல் வைத்த மாதிரி விழுகிறது. குடல் டாக்டருக்கு என் குழந்தைக் கணக்கு எதற்கு? என் பக்கத்து நாற்காலியில் என் கணவர் குணசீலன் மாஸ்க்கைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். "எதுக்குங்க இது?" என்றால் "தூசி, பிரமி" என்கிறார். ஏசி ஹாலில் தூசி. வந்ததிலிருந்து இரண்டு தடவை பாத்ரூம் போய்விட்டார். வியாதிக்காரி நான், அலைகிறவர் அவர். கல்லூரி அலுவலகத்தில் சூப்பிரண்ட், நாற்பத்தொரு வயது, பரீட்சைக்குப் படிக்காமல் வந்த பையன் மாதிரி கால் ஆட்டுகிறார், நாற்காலி வரிசை முழுக்க ஆடுகிறது, அந்தக் கடைசியில் இருக்கிற அம்மாள் முறைக்கிறாள், என்னை. புருஷன் கால் ஆட்டினாலும் முறைப்பு பெண்டாட்டிக்குத்தான் வந்து சேரும்.

இங்கே நான் வைத்தியத்துக்கு வரவில்லை. ஒரு காகிதத்துக்கு வந்திருக்கிறேன். இவள் குடலில் ஒரு கோளாறும் இல்லை என்று ஒரு நிஜ டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதம். அதை ஒரு நகல் எடுத்து என் மாமியாரின் பூஜை அலமாரியில் ஒட்டுவேன், இன்னொன்றை நிரோஷா மேடத்துக்கு அனுப்புவேன். நிரோஷா மேடம் டாக்டர் இல்லை, வெல்னஸ் கோச். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு செல்போனில் வகுப்பு, நாற்பது பெண்கள், நாற்பது சின்னச் சின்னச் சதுரங்கள், ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு காலி மடி. "குடல் சிரிச்சா கருப்பை சிரிக்கும், சொல்லுங்க எல்லாரும்!" நாற்பது பேரும் சொல்வார்கள். நானும் சொன்னேன், சத்தத்தை அணைத்துவிட்டு, வாயை மட்டும் அசைத்து, அந்த அளவுக்கு எனக்கு மானம் இருந்தது. கோதுமையை விடுங்கள், பாலை விடுங்கள், சீனியை விடுங்கள், கேரட்டும் பீட்ரூட்டும் கடுகுப் பொடியில் ஊறவைத்து நாலு நாள் வெயிலில் வைத்த தண்ணீர், விடிந்ததும் நீராகாரம், பதினோரு மணிக்கு ஒரு புளிப்பு, நாலு மணிக்கு ஒரு புளிப்பு. நாலு மாதத்தில் என் வியர்வையே புளித்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஜன்னலைத் திறந்தாள். வயிறு உப்பி, அழுத்தி, சேலை கொசுவம் நிற்காமல், நான் மேடத்திடம் சொன்னால், "பாத்தீங்களா, உங்க குடல்ல ஓட்டை இருக்கு பிரமிளா, அதான் ஹார்மோன் எல்லாம் ஒழுகிப் போகுது." ஒழுகுகிறதாம். நான் என்ன மண்பானையா?

இதில் கேவலம் என்னவென்றால், அவள் சொல்வது முழுப் பொய்யும் இல்லை. நான் படித்தேன், மைக்ரோபயாலஜி படித்தவள் படிக்காமல் இருப்பேனா, மதியச் சாப்பாட்டு வேளையில் ஆய்வுக்கூடத்துக் கம்ப்யூட்டரில் கட்டுரை கட்டுரையாகப் படித்தேன். ஈரல் கழித்துவிடுகிற ஈஸ்ட்ரோஜனைக் குடலில் இருக்கிற சில கிருமிகள் பிரித்து மறுபடி ரத்தத்துக்கே அனுப்புகின்றன, அந்தக் கிருமிகள் மாறினால் அந்த அளவும் மாறலாம், நிஜம். சீரற்ற மாதவிலக்குக்காரிகளுக்குக் குடல் கிருமிகள் வேறு மாதிரி இருக்கின்றன, அதுவும் நிஜம். எது காரணம் எது விளைவு என்று இன்னும் தெரியவில்லை என்று கடைசிப் பத்தியில் எழுதியிருப்பார்கள், அந்தக் கடைசிப் பத்தியைத்தான் நிரோஷா மேடம் படிப்பதில்லை. கால் நிஜத்தை எடுத்துக்கொண்டு முக்கால் கடை விரிக்கிறாள். அவளுடைய மாத்திரைக் குப்பியை நான் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். ஒரு மாத்திரையில் ஐம்பது பில்லியன் உயிருள்ள நல்ல கிருமி என்று அட்டையில் அச்சடித்திருந்தது. தயிருக்குச் செய்கிற மாதிரியே உடைத்துக் கரைத்து தட்டில் ஊற்றி முப்பத்தேழு டிகிரியில் இரண்டு நாள் வைத்தேன். உயிரோடிருக்கிற ஒவ்வொரு கிருமியும் ஒரு புள்ளியாக வளரும், எழுந்து வந்தது நாற்பத்து மூன்று புள்ளி. எங்கள் பண்ணையின் மலிவுத் தயிர்ப் பாக்கெட்டில் ஒரு ஸ்பூனுக்கு அதைவிட லட்சம் மடங்கு இருக்கும். செத்த கிருமிகளின் சாம்பலை விழுங்கிக்கொண்டிருந்தேன் என்று எனக்கு அந்தத் தட்டு சொன்னது. அதைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு மாத்திரை போட்டுக்கொண்டேன். குப்பி தீரும் வரை போட்டுக்கொண்டேன். நிரோஷா மேடத்தைவிட, என் மாமியாரைவிட, இந்த ஹாலில் இருக்கிற அத்தனை முகங்களையும்விட நான் அருவருப்பது அந்தப் பிரமிளாவைத்தான், எண்ணத் தெரிந்தும் விழுங்கினவளை.

டோக்கன் பதினொன்று. பத்து எப்போது போனார்? அத்தைக்கு, என் மாமியாருக்கு, இந்தக் கிருமி ஈஸ்ட்ரோஜன் ஒன்றும் வேண்டியதில்லை. "உன் வயிறு சுத்தமில்லம்மா" என்பார், அவ்வளவுதான், ரசத்துக்கு உப்புப் போதாது என்கிற குரலில். நம்முடைய பாஷையின் சௌகரியம் அது. பசிக்கிற இடத்துக்கும் வயிறு, பிள்ளை தங்குகிற இடத்துக்கும் வயிறு, ஒரே சொல். வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை என்றால் வாந்தியா கருவா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அவர் என்னை எட்டு வருஷம் விளக்கெண்ணெய் குடிக்க வைத்தார், வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்தார், சனிக்கிழமை பட்டினி போட்டார். மருத்துவமனைக்காரர்கள் வேறு தினுசு. என் வயிற்றில் ஊசிகள், தொப்புளைச் சுற்றி நீலமும் பச்சையுமாக, நாலு தடவை கருவூட்டல், ஒரு தடவை டெஸ்ட் டியூப், பதினாலாம் நாள் காலையில் ரத்தம். என் கணவருடைய விந்தணுக்களின் எண்ணிக்கை கம்மிதான், ஒவ்வொரு தடவையும் கம்மிதான், "கொஞ்சம் கம்மியா இருக்கு சார், டானிக் எழுதித் தர்றேன்" என்று ஒரு நிமிஷம், அதோடு அவர் எழுந்து வெளியே போய் டீ குடிப்பார், நான் மேஜையில் ஏறிப் படுப்பேன். யாருக்குக் கம்மியோ அவருக்கு டானிக், யாருக்குச் சரியோ அவளுக்கு ஊசி. அதை நான் கேட்டிருக்க வேண்டும். வாயை அசைத்தேன், சத்தத்தை அணைத்துவிட்டு.

கால் ஆட்டுவது நின்றிருக்கிறது. "பிரமி, எவ்வளவு நேரம் ஆகுமோ. தஞ்சாவூர்ல ஒருத்தர் இருக்கார்னு சொன்னேன்ல, அங்க போயிருக்கலாம்." இதோடு ஆறாவது தடவை தஞ்சாவூர். நான் இந்த டாக்டரின் பெயரைச் சொன்ன நாளிலிருந்து அவருக்குத் தஞ்சாவூர் மேல் திடீர்ப் பாசம். "ஊர்ல இத்தனை வருஷமா இருக்கற டாக்டரை விட்டுட்டு எதுக்கு தஞ்சாவூர்?" "இல்ல, இவங்க கொஞ்சம் சிடுசிடுன்னு பேசுவாங்களாம்." "பேசட்டும். எனக்கு அத்தைகிட்டயே பழக்கம்." அவர் சிரிக்கவில்லை. மாஸ்க்குக்கு மேலே நெற்றியில் வியர்வை. இந்த மனிதர் பயந்துகொண்டிருக்கிறார் என்று எனக்குப் பட்டது, ஒரு ஈ உட்கார்ந்து எழுந்த மாதிரி, உடனே போய்விட்டது. எனக்குப் புற்றாக இருக்குமென்று பயப்படுகிறாரோ? அப்படி ஒரு கணம் நினைத்து, கொஞ்சம் நெகிழ்ந்துகூடப் போனேன், சொல்லவே கூசுகிறது. பதினேழு என்று கூப்பிட்டாள் நர்ஸ். "நீ போயிட்டு வா, நான் இங்கயே இருக்கேன்" என்றார். "சாரும் வாங்க, டாக்டர் கூட வந்தவங்களைக் கேப்பாங்க" என்று நர்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவருக்கு எழுந்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

டாக்டர் மெஹருன்னிசாவுக்கு அறுபது இருக்கும், குட்டையான உருவம், மூக்கு நுனியில் கண்ணாடி. படுக்கச் சொல்லி என் வயிற்றை நாலு இடத்தில் அழுத்தினார், நாக்கைப் பார்த்தார், எட்டு கேள்வி கேட்டார், நான் கொண்டுபோன ரிப்போர்ட்டுகளைச் சீட்டுக்கட்டு மாதிரி புரட்டினார். "என்ன குடிக்கறீங்க?" சொன்னேன். எல்லாப் புளிப்பையும் வரிசையாகச் சொன்னேன். "எருமைக்குக்கூட இவ்வளவு ஊத்த மாட்டாங்கம்மா. உங்க குடல் நல்லா இருக்கு. இதையெல்லாம் நிறுத்துங்க, சோறு சாப்பிடுங்க, ஒரு வாரத்துல உப்பசம் போயிடும்." எழுதினார், கையெழுத்துப் போட்டார். என் காகிதம். இதற்குத்தான் வந்தேன், கிடைத்துவிட்டது, எழுந்துவிட்டேன், புடவையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது டாக்டர் கதவோரம் நின்றவரைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சார், உங்களை எங்கயோ... மாஸ்க்கை எடுங்க. அட, குணசீலன்! நீங்களா? இவங்கதான் உங்க வீட்டம்மாவா, சொல்லவே இல்லையே. பாப்பா எப்படி இருக்கா? இந்த வருஷம் யூ.கே.ஜி.யா?" மின்விசிறி சுற்றுகிறது. யூ.கே.ஜி. யாருடைய பாப்பா? வேறு குணசீலன், ஊரில் எத்தனையோ குணசீலன், ஆனால் இந்தக் குணசீலன் மாஸ்க்கைக் கையில் கசக்கிக்கொண்டு மின்விசிறியைப் பார்க்கிறார். அப்போது எனக்குப் புரிந்தது, அப்படி நினைத்தேன், புரிந்துவிட்டதென்று, எல்லாம் ஒரே நொடியில் வரிசையாக வந்து நின்றது, கல்லூரி முடிந்து ஏழரைக்கு வருவது, மூன்று மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை ஆடிட் என்று போவது, அவளுக்கு ஒரு வீடு இருக்கும், வாசலில் ஒரு சின்ன சைக்கிள், அவள் என்னைவிட இளையவளாக இருப்பாள், விளக்கெண்ணெய் குடிக்காமலே பெற்றிருப்பாள், அப்படியானால் இவரால் முடியும், குறை என்னுடையதுதான், அத்தை சொன்னதுதான் சரி, என் வயிறுதான் சுத்தமில்லை. இவ்வளவையும் நினைத்துவிட்டு நான் கேட்டது ஒரே கேள்வி. "எந்தப் பாப்பா?"

"பாப்பா இல்ல டாக்டர்" என்றார் அவர், என்னைப் பார்க்காமல். "சும்மா சொன்னேன்." டாக்டருக்குத் தான் வாயை விட்டுவிட்டது தெரிந்துவிட்டது, பேனாவை மூடினார், "குணசீலன், இனி நீங்களே சொல்லுங்க. இல்லேன்னா நான் சொல்ல உங்க அனுமதி வேணும்" என்றார். அவர் தலையை ஆட்டினார், எந்தக் கேள்விக்கு ஆட்டினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. டாக்டர் சொன்னார். பெருங்குடலில் புண், பதினைந்து வருஷமாக, எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே. ஆயுள் முழுக்க மாத்திரை. மஞ்சள் மாத்திரை, சல்ஃபாசலசின் என்று பெயர், விலை குறைவு, நன்றாகக் கேட்கிறது, ஆனால் ஆணின் அணுக்களைக் குறைத்துவிடும், அதனால் பிள்ளை பெற நினைப்பவர்களுக்கு மாற்று மாத்திரை கொடுப்பார்கள். "நான் கேட்டேனே. ஒவ்வொரு வருஷமும் கேட்டேனே. மூணு வருஷம் முன்னாடி நீங்க ரெண்டு வயசுல ஒரு பொண்ணு இருக்கா, இனி வேண்டாம்னீங்க. நான் ஃபைல்ல எழுதி வச்சிருக்கேன்." ஃபைலைத் திருப்பிக் காட்டினார். எனக்குக் கோடு போடத்தான் தெரியும். இவர் அதே கட்டத்தில் ஒரு பெண் குழந்தையைப் பெற்று வளர்த்து யூ.கே.ஜி. வரைக்கும் கொண்டுவந்திருக்கிறார். அவருடைய மூத்திரம் ஆரஞ்சு நிறத்தில் போவதைப் பார்த்து நான் கேட்டிருக்கிறேன், உடம்புச் சூடு என்றார், நான், பால் நிறம் ஒரு இழை மாறினால் தொட்டியையே நிறுத்திவைக்கிறவள், இளநீர் வாங்கிக் கொடுத்தேன். கருத்தரிப்பு மையத்து டாக்டர் கேட்டது காதில் விழுகிறது, இப்போது, ஐந்து வருஷம் கழித்து, "வேற ஏதாவது மாத்திரை எடுக்கறீங்களா சார்?" "இல்ல மேடம்." பக்கத்து நாற்காலியில் நான் இருந்தேன். வாயைத் திறந்து "இல்ல மேடம்" என்றார், டீ குடிக்கப் போனார், நான் மேஜையில் ஏறினேன்.

"மாத்திரையை மாத்தினா எத்தனை நாள்ல எண்ணிக்கை திரும்பும்?" என்று கேட்டேன். என் குரல் ஆய்வுக்கூடத்துக் குரல், நல்லவேளை. "பெரும்பாலும் ரெண்டு மூணு மாசம். பெரும்பாலும்னுதான் சொல்ல முடியும்." மூன்று மாதம். எட்டு வருஷத்தில் எத்தனை மூன்று மாதம் இருக்கிறது என்று கணக்குப் போடத் தெரிந்தவள் நான், போடவில்லை. "குணசீலன், நீங்களா எதையும் நிறுத்தக் கூடாது, புதுசைத் தொடங்கிட்டு மூணு வாரத்துல என்னை வந்து பாக்கணும், ரத்தம் வந்தா அன்னிக்கே வரணும்" என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார், அவர் கையில் கொடுக்காமல் என்னிடம் நீட்டினார், நான் வாங்கி அவரிடம் கொடுத்தேன். அவருடைய குடலுக்கும் நான்தான் காவல் இருக்க வேண்டுமாக்கும்.

மாடிப்படி திருப்பத்தில் ஒரு பெஞ்ச், அதில் உட்கார்ந்தார், நான் நின்றேன். "இருபத்தாறு வயசுல பிரமி, பதினோரு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தேன். ரத்தமாப் போகும். ஒரு நாளைக்கு இருபது தடவை. செத்துடுவேன்னு நினைச்சேன். இந்த மாத்திரைதான் நிறுத்துச்சு. இதை மாத்தினா மறுபடி வந்துடுமோன்னு..." அழுகிறார். படியேறி வந்த ஒரு கிழவர் ஒதுங்கிப் போகிறார், பெண்டாட்டிக்கு ஏதோ பெரிய வியாதி போலிருக்கிறது என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டு. பயம் நிஜம்தான், அதை நான் பார்க்கிறேன், கழிவறைத் தொட்டியில் தன் ரத்தத்தைப் பார்த்து நடுங்கின ஒரு இருபத்தாறு வயதுக்காரன் எனக்குத் தெரிகிறான், அவனிடம் எனக்குச் சண்டை இல்லை. சண்டை இந்த நாற்பத்தொரு வயதுக்காரரிடம். என்னிடம் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். மாற்று மாத்திரை இருக்கிறது என்று ஒரே மதிய வேளையில் படித்துச் சொல்லியிருப்பேன். தன் வயிற்றைக் காப்பாற்ற என் வயிற்றைக் கொடுத்தார், ஊசிக்கு, விளக்கெண்ணெய்க்கு, நிரோஷா மேடத்துக்கு. "உன் வீட்டுல என்னைக் குறைன்னு சொல்லிடுவாங்களோன்னு வெக்கமா இருந்துச்சு" என்கிறார். வெட்கம். நாற்பது சதுரத்தில் ஒரு சதுரமாக உட்கார்ந்து கருப்பை சிரிக்கும் என்று நான் சொன்னது இவருக்குக் கேட்டிருக்காது, சத்தத்தை நான் அணைத்திருந்தேன், ஆனால் வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதானே இருந்தார்.

"கேளுங்க" என்றேன். ங்க-வை நான் எடுக்கவில்லை, எடுத்தால் கோபமாகிவிடும், கோபத்துக்கு ஒரு நெருக்கம் உண்டு, அதைக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. "புது மாத்திரையைச் சாப்பிடுங்க, அது உங்க உடம்புக்கு. இனிமே எனக்கு ஊசி கிடையாது, எண்ணெய் கிடையாது, பட்டினி கிடையாது. மூணு மாசம் நான் எங்க பண்ணைக் குவார்ட்டர்ஸ்ல இருக்கப் போறேன், ஒரு ரூம் காலியா இருக்கு. மூணு மாசம் கழிச்சு உங்க எண்ணிக்கை திரும்பலாம். நான் திரும்புவேனான்னு அப்ப சொல்றேன்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலில் கேட்டது என்ன தெரியுமா? "அம்மாகிட்ட என்ன சொல்றது?" எட்டு வருஷத்தில் இந்த மனிதர்மேல் எனக்கு இருந்ததெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் வடிந்தது. வலித்தது, அதையும் சொல்ல வேண்டும், பிடுங்கின பல்லின் இடத்தை நாக்கு தேடுவது போல. "உண்மையைச் சொல்லுங்க. இப்பவே. ஸ்பீக்கர்ல போடுங்க."

போட்டார். இரண்டு தடவை தப்பான இடத்தை அழுத்தி, மூன்றாவது தடவை மணி போயிற்று. இவ்வளவு நாளாக ஒன்றும் தெரியாமல் மருமகளுக்கு வேப்பங்கொழுந்து அரைத்த அந்த அம்மாள் இதைக் கேட்டு உட்கார்ந்துவிடுவாள், மாரில் அடித்துக்கொள்வாள், என்னிடம் மன்னிப்புக்கூடக் கேட்கலாம் என்று நான் நினைத்தேன், அந்தக் காட்சிக்கு என் முகத்தைத் தயார் செய்துகொண்டுகூட நின்றேன். "அம்மா, டாக்டர்கிட்ட வந்தோம். என் மாத்திரையாலதான் குழந்தை நிக்கலையாம். அந்த மஞ்சள் மாத்திரை." அந்தப் பக்கம் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, நின்றது. எந்த மாத்திரை என்று அத்தை கேட்கவில்லை. பிறகு அத்தையின் குரல், தணிந்து, நிதானமாக, எட்டு வருஷத்தில் நான் ஒரு நாளும் கேட்காத ஒரு குரல்.

"அவ பக்கத்துல இருக்காளா?"

"இருக்கேன் அத்தை" என்றேன்.